ஏழாயிரம் அடி

குடிநீர் அலுவலகத்தில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். கேலிக்காக வைத்ததுதான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்து வருவது அங்கே அவர்கள் வேலை. மீட்டர் பெரும்பாலும் வாசலோரம் ஒரு குழிக்குள் கிடக்கும். இரும்பு மூடியைத் தூக்கி, மண்டியிட்டு, சேறு படிந்த கண்ணாடியைத் துடைத்தால்தான் எண் தெரியும். முழங்காலுக்குப் பயந்தவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, போன மாத எண்ணோடு உத்தேசமாக எதையாவது கூட்டி எழுதிவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள். இவர் இருபத்தாறு வருஷமாக ஓர் எண்ணைக்கூடக் கண்ணால் பார்க்காமல் எழுதியதில்லை. வீடு பூட்டிக் கிடந்தாலோ, நாய் உள்ளே விடாவிட்டாலோ, 'பார்க்கவில்லை' என்று எழுதிச் சுருக்கொப்பம் போடுவார். எண் தப்பாகிவிட்டால் அழிக்கக் கூடாது என்பது விதி. தப்பின் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியானது, அதற்குக் கீழே சுருக்கொப்பம். இந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, தாராளமாகவே உண்டு.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் சொந்த வீட்டில் எட்டு மாதம் பொய் எண்ணை ஓட்டினார்.

அவர் மனைவிக்குப் பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்டர் வேலை. ஒன்பது மணிக்குக் கண்ணாடித் துளைக்குப் பின்னால் உட்கார்ந்தால், மதியம் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்க முடியும். வீட்டிலோ உட்கார முடியாது. அவருடைய அப்பா இடுப்பெலும்பு முறிந்து மூன்று வருஷமாகப் படுக்கையில் இருந்தார். காலை ஐந்து மணிக்கு மாமனாரைத் துடைத்து, விரிப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுத்து, சமைத்து, இரண்டு டப்பா கட்டி, எட்டேகாலுக்கு அவள் வாசலைத் தாண்டும்போது முந்தானை ஈரம் காய்ந்திருக்காது. பகலில் வந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆயா இருந்தாள். ஆறரை மணிக்கு அவள் செருப்பைப் போட, இவள் செருப்பைக் கழற்ற, மறுபடியும் முதலிலிருந்து. அவர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. அப்பாவைத் தூக்கி உட்கார வைப்பார், காய் நறுக்குவார், ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பார். ஆனால் அந்த வீடு சுற்றிக்கொண்டிருந்தது அவளை வைத்துத்தான். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் காய் நறுக்குவதோடு நின்றுகொண்டார்.

ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஜோடி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தன. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். வீட்டு வேலை கணக்கில் வராது, கைவீசி, நிற்காமல் நடக்க வேண்டும் என்றார். அரை மணி நேரம்தானே என்று மூவரும் தலையாட்டினார்கள். மூன்றாவது ஆள், வெளியூரில் வேலை பார்க்கும் மகள். அம்மாவின் உடம்புக்காகவே லீவு போட்டு வந்திருந்தாள்.

அந்த அரை மணியைத் தேடாத இடமில்லை. ஐந்து மணிக்கு முன்பு என்றால், அவள் கதவைத் திறக்கும் சத்தத்துக்கே மாமனார் விழித்துக்கொண்டு கூப்பிடுவார். சாயங்காலம் என்றால் ஆயா ஐந்து நிமிஷம் கூட நிற்க மாட்டாள். டிப்போவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்து பார்த்தாள். அப்படியானால் சாப்பிட முடியவில்லை. மாடிக்குப் போய் நடந்தால் கீழே பால் பொங்கும். கடைசியில் குக்கர் வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வந்தாள். "செக்குமாடு மாதிரி சுத்தறேன், எண்ணெய்தான் வரல" என்று சிரித்தாள். நாலாவது நாள் அதுவும் நின்றது.

மகள் விடவில்லை. ஊருக்குத் திரும்பியதும் ஒரு வாட்ச் வாங்கி அனுப்பினாள். கட்டிக்கொண்டு நடந்தால் அதுவே அடிகளை எண்ணும். அதற்குள்ளேயே சிம் இருப்பதால், எங்கே இருந்தாலும் எண்ணிக்கை மகளின் போனுக்குப் போய்விடும். தினமும் ஏழாயிரம் அடி என்று மகள் உத்தரவு போட்டாள். அதைச் சமையலறை காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும், அடுத்த தடவை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள். முதல் வாரம் அம்மா பென்சிலால் எழுதியவை இன்னும் இருக்கின்றன. இரண்டாயிரத்து நூற்றைம்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. இரண்டாயிரத்து முந்நூறு. இரவு எட்டு மணிக்கு மகளிடமிருந்து போன் வரும். ஒருநாள் அவள் அழுதேவிட்டாள். உனக்கு உன் உயிர் மேல் அக்கறை இல்லை, எங்கள் மேலும் இல்லை என்று கத்திவிட்டு வைத்தாள். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே மேஜையில் தலைசாய்த்துத் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை அவர் அந்த வாட்சை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டார்.

"நான் எப்படியும் நடக்கத்தானே போறேன். என் காலு நடந்தா என்ன, உன் காலு நடந்தா என்ன? ரெண்டு நாள் நீ நிம்மதியா இரு."

"பொண்ணை ஏமாத்தறது இல்லையா இது?"

"ரெண்டே நாள்."

அன்று சாயங்காலம் எட்டாயிரத்து நூற்று நாற்பது. போனில் மகள் குதித்தாள். அந்தக் குரலைக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. அம்மாவின் முகமும் மலர்ந்தது. ரெண்டு நாள் வாரமாயிற்று, வாரம் மாதமாயிற்று. பூதக்கண்ணாடிக்கு இதில் சாமர்த்தியமும் வந்துவிட்டது. நாள் முழுக்கக் கட்டியிருந்தால் எண்ணிக்கை பதினைந்தாயிரத்தைத் தாண்டிவிடும், குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, மதியம் கழற்றிப் பையில் பத்திரப்படுத்திவிடுவார். கவுன்டரில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில் அம்மா எப்படி நடக்கிறாள் என்று மகள் பார்க்கவில்லை. ராத்திரி மொத்தத்தை மட்டும்தான் பார்த்தாள்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதைச் சொல்லாமல் விட்டால் அந்த மனிதருக்கு அநியாயம் செய்ததாகும். ராத்திரி சாப்பிடும்போது அவள், "இன்னிக்கு நான் எங்கெல்லாம் போனேன்?" என்று கேட்பாள். அவர் தெருத் தெருவாகச் சொல்வார். எந்த வீட்டு வாசலில் புதிதாகச் செம்பருத்தி வைத்திருக்கிறார்கள், எந்த மீட்டர் குழியில் பூனை குட்டி போட்டிருக்கிறது, எந்த வீட்டம்மா மோர் கொடுத்தாள், எந்த வீட்டுக்காரர் எண்ணை நம்பாமல் தானும் மண்டியிட்டுப் பார்த்தார். "பூனைக்குட்டியைத் தொட்டேனா?" என்பாள். "தொட்டே. பிராண்டிடுச்சு" என்பார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. கேட்டுக்கொண்டே காலண்டரில் எண்ணை எழுதுவாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

ஆறாவது மாதம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டிப்போ மேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் நிற்க வேண்டியிருந்தது. மகள் லீவு போட்டு வந்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். காலண்டரையும் கழற்றி எடுத்துப்போனாள். டாக்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்து அசந்துபோனார். இருதயத்துக்கு ஒரு பரிசோதனை எழுதலாம் என்று நினைத்தேன், இவ்வளவு தூரம் நெஞ்சுவலி இல்லாமல் தினமும் நடக்கிறவர்களுக்கு அவசரமில்லை, இது களைப்பாக இருக்கும், ரத்தம் குறைவாக இருக்கும், சத்து மாத்திரை தருகிறேன் என்றார். தான் பார்த்த எண்ணை நம்பி அவர் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை.

அந்த அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. மகள் ஓரத்தில் உட்கார்ந்து பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடி வாயைத் திறந்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும். நாற்காலிக்குக் கீழே மனைவியின் கால் நீண்டு வந்து அவர் காலை மிதித்தது. மகளுக்கு முன்னால் வேண்டாம் என்று அர்த்தம். அவர் வாயை மூடிக்கொண்டார். மகள் ஊருக்குப் போனதும் தனியாக வந்து டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று இருவரும் வீட்டில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஆயா வரவில்லை. அதற்கடுத்த வாரம் அப்பாவுக்குப் படுக்கைப் புண். தள்ளித் தள்ளி இரண்டு மாதம் ஓடிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கவுன்டரிலேயே சரிந்தாள். டிப்போவிலிருந்து அவருக்குப் போன் வந்தபோது ஒரு மூடியைத் தூக்கிய நிலையில் இருந்தார். குழியைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினார். அந்த நேரம் பார்த்து ஒரு வண்டியும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி வரை ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது, வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். அதன் பிறகும் அவர் நடந்துகொண்டேதான் இருந்தார். இந்த அறையில் கையெழுத்து, அந்த ஜன்னலில் சீட்டு, மாடியில் முத்திரை, மறுபடியும் கீழே. டிப்போக்காரர்கள் மகளிடம், அம்மாவுக்கு மயக்கம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் தனியாக வருகிறவளிடம் வேறெதுவும் சொல்ல வேண்டாம் என்று அவரும் தடுத்துவிட்டார். ஐந்து மணி நேரப் பயணம். அவள் வந்து இறங்கியபோது அம்மாவை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். தினம் ஏழாயிரம், எட்டாயிரம் அடி நடந்தவளுக்கா இப்படி வர வேண்டும் என்றார்கள். யாராவது அதைச் சொல்லும்போதெல்லாம் மகள் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவருக்கு இரண்டு பயங்கள். அவளுக்குத் தெரிந்தால் தன்னை அப்பா என்று கூப்பிடுவாளா என்பது ஒரு பயம். தெரியாமலே அவள் ஊருக்குப் போய்விட்டால், சாகும் வரை இந்தப் பொய்யோடுதான் போனில் பேச வேண்டும் என்பது அதைவிடப் பெரிய பயம்.

பதினோராம் நாள் மாலை. மறுநாள் காலை பஸ்ஸுக்கு மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவர் அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டி, வாய் துடைத்துவிட்டு, காலண்டரைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். அலுவலகப் பேனாவை எடுத்தார். முதல் வாரத்து எண்களை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த எண்ணின் மேல் ஒற்றைக் கோடு இழுத்தார். பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். சரியானது அவருக்குத் தெரியாது. அந்த எட்டு மாதத்தில் அவள் எவ்வளவு நடந்தாள், எங்கே மூச்சு வாங்கி நின்றாள், எதைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று அவர் குனிந்து பார்த்ததே இல்லை. 'பார்க்கவில்லை' என்று எழுதினார். சுருக்கொப்பம் போட்டார். அடுத்த தேதி. அதற்கடுத்த தேதி. நான்காம் மாதத்துக்கு வரும்போது மகள் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது.

அவர் திரும்பாமலே எல்லாவற்றையும் சொன்னார். ரெண்டே நாள் என்று ஆரம்பித்தது, பையில் கழற்றிப் போட்டது, டாக்டர் அறையில் வாயை மூடிக்கொண்டது. மனைவி காலை மிதித்ததை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பழி அவருடையதாகவே இருக்கட்டும் என்று நினைத்தார்.

மகள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தவில்லை.

"தெரியும்பா. அன்னிக்கு பஸ்லயே போனைப் பார்த்துக்கிட்டு வந்தேன். மயக்கம்னு சொன்னாங்களே, அப்புறமும் எண்ணு ஏறிக்கிட்டே இருந்துச்சு. மூவாயிரத்து எழுநூறு. நாலாயிரத்து நூறு. அம்மா எழுந்துட்டா, நடக்கிறான்னு நினைச்சேன். பக்கத்து சீட்டுப் பாட்டிகிட்ட காட்டிக் காட்டி சந்தோஷப்பட்டேன். பிஸ்கட் வாங்கித் தின்னேன். அஞ்சாயிரத்து இருநூறு வந்ததும் அப்படியே நிம்மதியா தூங்கிட்டேன்பா. இங்க வந்து அம்மா கையைப் பார்த்தேன், வாட்ச் இல்ல. உங்க கையைப் பார்த்தேன்."

உள்ளறையிலிருந்து அப்பா மருமகளைக் கூப்பிட்டார். அவருக்கு அடிக்கடி மறந்துவிடுகிறது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

மகள் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த அஞ்சாயிரத்து இருநூறு வந்தப்ப அம்மாவுக்கு உயிர் இருந்துச்சா?"

அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ஜன்னலில் உடலைப் பெற்றுக்கொள்ளும் தாளில் நேரம் எழுத வேண்டும் என்றார்கள். நேரம் பார்க்க மணிக்கட்டைத் திருப்பினார். மேலே பதினொன்று நாற்பது. கீழே ஐயாயிரத்து இருநூற்று ஆறு. எண்களை மறக்கிற ஆள் இல்லை அவர்.

"நான் பார்க்கலம்மா" என்றார்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாத்தாவைக் கவனிக்க எழுந்து போனாள்.

அவர் காலண்டரை அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் புரட்டினார். கட்டத்தில் எண் எதுவும் இல்லை. எழுத அவள் இல்லை. அதில் 'பார்க்கவில்லை' என்று எழுதினார். இருபத்தாறு வருஷத்தில், கண்ணால் பார்த்த ஒன்றுக்கு அப்படி எழுதியது அன்றுதான். சுருக்கொப்பம் போடக் கை வரவில்லை.