எங்கள் லயத்தில் கோரி வளர்த்த புஷ்பராணி அக்கா

புஷ்பராணி அக்கா போய்விட்டார். முந்தாநாள் காலை, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில்... நெஞ்சுவலி என்று கொண்டுபோனார்கள், ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. நேற்று அடக்கம்.

தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில்தான் எங்கள் குடியிருப்பு. பன்னிரண்டு வருடம் நானும் அவரும் ஒரே பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்துக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் பிள்ளைகளை நான் பார்ப்பேன், அக்கா சமைப்பார். அவருடைய சமையலைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். நான் மீனைப் பற்றி எழுதுகிறேன்.

றக்வான டவுனில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் அக்கா முதன்முதல் கோரி கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். கோரி என்பது ஒரு சின்னக் கெளுத்தி. பெருவிரல் அளவுகூட வராது. வாயோரம் மெல்லிய மீசை, நாள் முழுக்க மண்ணைக் கிளறிக்கொண்டே திரியும்.

"நாசுக்கான மீன் தங்கச்சி. டவுன்ல உள்ளவங்களே சாகடிச்சிட்டு வாராங்க. லயத்துல நிக்காது. கப்பி தாரேன், கொண்டு போங்க" என்றார் நானா.

"கப்பி எங்க சாக்கடைக் கான்லயே ஓடுது நானா. நீங்க கோரியக் குடுங்க."

பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அந்தப் பையைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தார். எனக்கு வாந்தி வந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை!

முதல் தடவை நானா சொன்னதுதான் நடந்தது. குருவிட்டவில் மாணிக்கக் குழியில் வேலை செய்யும் அக்காவின் தம்பி ஒரு சாக்குக் கல் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடித் தொட்டியின் அடியில் பரப்பியதும் மினுமினுத்தது. ஒரு நீலக்கல்லாவது கிடக்காதா என்று லயமே வந்து எட்டிப் பார்த்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டுமே வரும் புத்தி.

அந்தக் கூரான கல்லைக் கிளறிக் கிளறி மீசை தேய்ந்து புண்ணாகி... மூன்று வாரத்தில் ஆறில் நான்கு செத்துவிட்டன. அக்கா அழுதார். நான் சிரித்தேன். அதற்கு இன்றைக்கு வெட்கப்படுகிறேன்.

அடுத்த வாரமே ஆற்று மணல். அதை மா சலிக்கிற சல்லடையிலேயே சலித்தார். அந்த மாதம் முழுக்க அவர் வீட்டு ரொட்டி கரகரத்தது. "எம் பல்லு போனா ஒம் மீனு மென்னு குடுக்குமா?" என்று அவர் கணவர் சிவலிங்கம் அண்ணன் கேட்டது இன்னும் லயத்தில் பிரபலம்.

ஞாயிறுதோறும் தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, மலையிலிருந்து குழாய்வழி வந்து விழும் பீலித் தண்ணீரை டம்ளர் டம்ளராக ஊற்றுவார். ஒரு மழைக்கால ஞாயிறு, பீலி ஐஸ் மாதிரி இருந்தது. மறுநாள் கண்ணாடி முழுக்க முட்டை! குளிர்ந்த தண்ணீர் பட்டால் மழை வந்துவிட்டது என்று முட்டையிடுமாம்... பிறகு யூடியூபில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

பெரிய மீன்கள் தின்பதற்குள் ஒவ்வொரு முட்டையாக விரலால் உருட்டி எடுத்து ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டார். பாதிக்கு மேல் பொரித்தது.

குஞ்சுகள் வளர்ந்ததும் நானா தன் கடையில் தனித் தொட்டி ஒன்று வைத்து, அவரே எழுதி ஒட்டினார்: "தோட்டத்துப் புஷ்பராணியின் கோரி. லேசில் சாகாது."

எம்பிலிப்பிட்டியவிலிருந்து ஒரு மீன் பண்ணைக்காரர் காரில் லயத்துக்கே வந்தார், எப்படிப் பொரிக்க வைத்தீர்கள் என்று கேட்க. "பொட்டக் இன்ன மஹத்தயா" என்று, கொஞ்சம் இருங்க ஐயா எனச் சிங்களத்தில் சொல்லி, அவரை வாசலில் நிறுத்திவிட்டு, குஞ்சுகளுக்குத் தீனி போட்டு முடித்து, நாற்காலியில் உட்கார்ந்துதான் அக்கா பதில் சொன்னார். காரில் வந்தவர் நிற்க, லயத்து மனுஷி உட்கார்ந்து பேசியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

நேற்று உடலை எடுத்ததும் ஆண்கள் எல்லாம் கூடவே போய்விட்டார்கள். இழவு வீட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுவது எங்கள் வழக்கம். குடம், வாளி, பானை எல்லாம் காலியானது. பிறகு அக்காவின் நாத்தனார் சரசு மதினி செம்போடு மீன் தொட்டிப் பக்கம் வந்தார்.

"இதுவும் வீட்டுத் தண்ணிதானே. வச்சிருந்தா தீட்டு."

நான் தொட்டிக்கும் செம்புக்கும் நடுவில் போய் நின்றேன். வழக்கப்படி அவர் சொன்னது சரி. ஆனால் முழுத் தண்ணீரையும் மாற்றினால் அந்த மீன்கள் தாங்காது.

"மதினி, அக்கா வாரா வாரம் பாதியத்தான் கொட்டுவாங்க. நாமளும் பாதியக் கொட்டுவோம்."

"மிச்சப் பாதி?"

"அது மீனோட தண்ணி மதினி. நமக்கு அதுல பங்கில்ல."

மதினி குனிந்து தொட்டியைப் பார்த்தார். மீசையை ஆட்டி ஆட்டி மணலைக் கிளறிக்கொண்டிருந்தன, பதினோரு மீனும். இழவு வீடு என்று அவற்றுக்கு என்ன தெரியும்...

"சரி, பாதியக் கொட்டு" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்கு அவரே போனார். இரண்டு நடை. ஈரச் சேலையோடு நின்று டம்ளர் டம்ளராக ஊற்றியதும் அவர்தான்.

இன்று காலை சிவலிங்கம் அண்ணன் போன் பண்ணினார். "தங்கச்சி... கண்ணாடியில முட்ட ஒட்டியிருக்கு. நெறைய. அவ எதால எடுப்பா?"

"விரலாலதான் அண்ணே. தொடுங்க, உருண்டு வரும். நான் இந்தா வாறேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணனின் சட்டைக் கை தோள்வரை நனைந்திருந்தது. டப்பாவில் இருபதுக்கு மேல் இருந்தது. மிச்சத்தை நான் எடுத்தேன்.

போயிட்டு வாங்க அக்கா. முட்டை எல்லாம் எடுத்தாச்சு.