முந்தானையில் இருந்த மஞ்சள்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். திண்டிவனத்து ஜவுளிக் கடையின் சுவர்க் கடிகாரத்தில் அதைப் பார்த்தது நான்தான். எனக்கு அப்போதுதான் மணி பார்க்கத் தெரிந்திருந்தது. அதனால் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் மணி சொல்லிக்கொண்டே இருப்பேன். "இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கு" என்று அன்றும் உரக்கச் சொன்னேன். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் அத்தையின் கூரைப் புடவையை எடுத்து, ஓரத்தில் மஞ்சள் வைத்துவிட வேண்டும் என்பது இரு வீட்டாரும் பேசிவைத்திருந்த ஏற்பாடு.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. எங்கள் வீடு விழுப்புரத்தில். மாப்பிள்ளை வீடு திண்டிவனம். கூரைப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது என்பதால் அவர்கள் ஊர்க் கடையிலேயே எடுக்கலாம் என்று முடிவாகி, நாங்கள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தோம். வழி நெடுக அம்மா அத்தைக்குப் பாடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அவங்க எதக் காட்னாலும் நல்லா இருக்குன்னு தலைய மட்டும் ஆட்டு. வாயத் தொறக்காத. நிமிர்ந்து நிமிர்ந்து பாக்காத."

"கல்யாணம் எனக்கா, இல்ல எந் தலைக்கா அண்ணி?" என்றாள் அத்தை. அம்மாவும் சிரித்துவிட்டாள். அத்தை சிரிப்பு காட்டுவதில் கெட்டிக்காரி.

அம்மாவின் மடியில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் இருந்தது. குழைத்த மஞ்சள், மேலே மூடியாக வாழையிலைத் துண்டு. புதுத் துணி எதுவானாலும் எங்கள் பக்கத்தில் ஓரத்தில் மஞ்சள் வைத்த பிறகுதான் உடம்பில் படவிடுவார்கள். மஞ்சள் வைத்துவிட்டால் அது நம் வீட்டுத் துணி. கடைக்காரர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார். கல்யாணப் புடவைக்கு நல்ல நேரத்தில் கடையிலேயே மஞ்சள் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

கடையில் வெள்ளை விரிப்பின் மேல் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா கடை முதலாளிக்கு நெடுநாள் பழக்கம். அவருக்குப் பக்கத்தில் திண்டு போட்டு உட்கார வைத்திருந்தார்கள். எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அரக்குப் பட்டா, மாம்பழ நிறமா என்று பேச்சு முற்றியிருந்த நேரத்தில்தான் கடையின் மறுகோடியில் சத்தம் எழுந்தது.

சில்லறைத் துணிகள் விற்கும் பக்கம் அது. கடை ஆள் ஒருவன் ஒரு பெண்ணின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். என் அம்மாவின் வயதுதான் இருக்கும். வெயிலில் கறுத்த முகம், ஒட்டுப்போட்ட புடவை. அவளுடைய துணிப்பையை முதலாளிக்கு எதிரில் கவிழ்த்துக் கொட்டினான். வெற்றிலை மடிப்பு, பல் உடைந்த சீப்பு, துணியில் சுற்றிய கேப்பை அடை. கடைசியாக மடிப்புக் கலையாத ஒரு செங்காவி நிறப் புடவை விழுந்தது.

"அடுக்குல இதே பொடவ ஒண்ணு கொறையுது மொதலாளி. இவ பையில இருக்குது."

"உங்க கடையில எடுத்ததுதான் சாமி. மாசியிலயே எடுத்துக்கினு போனேன். எம் மவ சடங்குக்கு. ரவிக்கத் துணி தோதா எடுக்கலாம்னு கொண்டாந்தேன்."

"பில்லு எங்க?"

"பில்ல வச்சிக்கினு நான் இன்னா சாமி பண்றது? எனக்குப் படிக்கவா தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா திண்டிலிருந்து நிமிர்ந்தார். தன் சிநேகிதருக்காகத் தானும் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாலு வார்த்தையாகவே பேசினார்.

"இவளுங்க எல்லாம் பாடறது இதே பாட்டுதான். போலீஸ்ல குடுங்க, தானா உண்மை வரும். எந்த ஊருடி நீ?"

"மயிலத்துப் பக்கம் சாமி."

"ஊரக் கேக்கல. ஊர்ல எந்தப் பக்கம்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஊரின் பெயரைச் சொன்ன பிறகும் ஒருவர் சொல்ல வேண்டிய பதில் மிச்சம் இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் கடையில் இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் பதில் கிடைத்துவிட்டது என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்களே தவிர, அவளுக்காக ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சட்டைப்பையில் பேனா செருகியிருந்த ஒருவர், வாத்தியாராக இருக்கலாம், கூரையைப் பார்த்தார். இரண்டு பெண்கள் தங்கள் பைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். "விசாரிச்சாத் தெரிஞ்சிடப் போவுது" என்று ஒருவர் பொதுவாகச் சொல்லி வைத்தார். அப்பா தன் கை ரேகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை ஆள் அந்தப் புடவையை எடுத்து உதறினான். அந்தப் பெண் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் சோடா பாட்டிலால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அத்தை தலையைத் தூக்கினாள்.

"முந்தியில மஞ்சள் இருக்குதுங்களே."

குரல் பெரிதாக இல்லை. ஆனால் கடையே கேட்டது. முதலாளி யார் பேசியது என்று தேடினார். அத்தை இன்னொரு வார்த்தையும் சொன்னாள்.

"கடை அடுக்குல இருக்கிற பொடவையில யாருங்க மஞ்சள் வப்பாங்க?"

முதலாளி புடவையை வாங்கி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள், காய்ந்து நிறம் மங்கியிருந்தது. இன்றோ நேற்றோ வைத்ததில்லை என்று எனக்கே தெரிந்தது. அவர் புடவையை மடிக்காமல் அந்தப் பெண்ணின் பக்கம் போட்டார்.

"சரி, சரி, எடுத்துக்கினு போ. இனிமே உள்ள வந்தா பைய வாசல்ல வச்சிட்டு வா."

அவ்வளவுதான். கடிகாரம் ஒரு தரம் அடித்தது. நான் என் கடமையைத் தவறாமல் செய்தேன். "மணி பத்தரை!" என்று கத்தினேன்.

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ராகு காலம் வந்துடுச்சி. இன்னிக்கு வேணாம். இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார். அவருடைய மனைவி எழுந்திருக்கும்போது அம்மாவின் தோளைத் தொட்டு, "பொண்ணு நல்லாப் பேசுது" என்றாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அத்தையின் கையைப் பெருமையாகப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை சில்லென்றிருந்தது.

வெளியே பெரியவர்கள் ஒருவரையொருவர் சமாதானம் செய்துகொண்டிருந்தபோது, அந்தப் பெண் கடை ஓரமாகக் குந்தித் தன் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டாள்.

"யாரு பாப்பா அது, அக்காவா?"

"அத்தை. வைகாசியில கல்யாணம்."

"எந்த ஊரு நீங்க?"

கேட்டதற்கு மேலும் சொல்லுவது என் சுபாவம். விழுப்புரம் என்றும், ரயிலடிக்குப் பின்னால் என்றும், வாசலில் வேப்பமரம் இருக்கும் என்றும் சொன்னேன். "மவராசியா இருக்கணும்" என்று அவள் அத்தை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

திரும்பும் பஸ் ஏறினோம். விக்கிரவாண்டி தாண்டிய பிறகு அப்பா சொன்னார்: "ஒனக்கு எதுக்கு அந்த வேல? அத்தன பேர் இருந்தாங்களே, சொல்றதுக்கு வேற ஆளே இல்லியா?"

"அதத்தாண்ணா நானும் பாத்துக்கினே இருந்தேன்" என்றாள் அத்தை. "யாருமே இல்லியே."

அம்மாவின் மடியில் கிண்ணத்து மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது.

சில நாளில் தரகர் வந்தார். ராகு காலத்தில் தடங்கல் வந்துவிட்டது, சகுனம் சரியில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்றார். கேட்டவர்களுக்கெல்லாம் எங்கள் வீட்டிலும் அதையே சொன்னோம். நான் அதை அப்படியே நம்பினேன். பத்தரை மணி என்ற ஒன்று வந்ததால்தான் கல்யாணம் நின்றது. நான் கத்தாமல் இருந்திருந்தால் ஒருவேளை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் யாராவது மணி கேட்டால் நான் ஓடிவிடுவேன். அத்தைக்கு வேறு இடங்களும் வந்தன. அந்தக் கடைச் சேதி எங்களுக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவேயில்லை. பிறகு என் பிரசவங்களுக்குக்கூட அவள்தான் வந்து இருந்தாள்.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து, அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னாள்: "நானுந்தான் பாத்தேன். மஞ்சக் கிண்ணம் எங் கையிலதான இருந்திச்சி. எங் கண்ணுல படாம இருக்குமா? உங்கப்பாவும் பாத்தாரு." பிறகு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்தக் கடையை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். அப்பா அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலாளி புடவையைத் திருப்பிப் பார்த்திருப்பார். சம்பந்தியும், "நல்லாப் பாத்துச் சொன்னீங்க" என்று சிரித்திருப்பார். அரக்குப் பட்டோ மாம்பழப் பட்டோ மஞ்சளோடு வீட்டுக்கு வந்திருக்கும். பேனா வைத்திருந்தவர் சொல்லியிருந்தால் எங்கள் பேச்சே அதில் வந்திருக்காது. அப்பா சொன்னால் நியாயமாகியிருக்கக்கூடியது, அத்தை சொன்னதால் வாயாடித்தனம் ஆயிற்று. எதையும் இழக்காதவர்கள் அத்தனை பேர் சும்மா இருந்ததால், எல்லாவற்றையும் இழக்கக்கூடிய ஒருத்தி பேச வேண்டியதாயிற்று.

இத்தனையும் தெரிந்திருந்தும், போன வாரம் கல்லூரியிலிருந்து வந்த என் மகள், ஒரு கடையில் யாரோ ஒரு அம்மாளின் பையைக் கொட்டிச் சோதித்ததாகவும், தான் போய்க் குறுக்கே நின்று கேட்டதாகவும் சொன்னபோது, என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "ஒனக்கு எதுக்கு அந்த வேல? வேற ஆளே இல்லியா?" என்றேன். குரல்கூட அப்பாவுடையது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் செய்தது தவறு என்று சொல்ல என்னால் முடியாது. மறுபடியும் செய் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அந்த ஆடி மாதத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணம் நின்ற அதே வருடத்து ஆடி. மத்தியான வெயிலில், வேப்பமரத்தடியில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி அந்தக் கடைப் பெண். இன்னொருத்தி அவள் மகள், என்னைவிட நாலைந்து வயது பெரியவள், அந்தச் செங்காவிப் புடவையைக் கட்டியிருந்தாள். தாயின் தலையில் ஒரு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. எங்களைக் கண்டதும் அவள் முகமெல்லாம் சிரிப்பு. படியேறாமல் தெருவிலேயே நின்று பேசினாள்.

"பாப்பா சொன்ன அடையாளம் அப்பிடியே இருக்குது. ஆடிக்குப் பொண்ண அழச்சிக்கினு வந்திருப்பீங்கன்னுதான் இப்ப வந்தேன். எங்கேம்மா கல்யாணப் பொண்ணு?"

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாய்வு நாற்காலியில் இருந்த அப்பா எழுந்தார். எழுந்தவர் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். எனக்கு ஒன்றும் கஷ்டமாகத் தெரியவில்லை. கல்யாணம் நடக்கவில்லை, ராகு காலம் வந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து வந்த அத்தை, போகிற போக்கில் என் வாயைக் கையால் பொத்திவிட்டுப் படியிறங்கினாள்.

அத்தனை வெயிலில் அவள் முந்தானையை இழுத்துக் கழுத்து மறைய நன்றாகப் போர்த்திக்கொண்டிருந்தாள். குளிர் காய்ச்சல் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் தலையிலிருந்து மூட்டையைத் தன் கையாலேயே வாங்கி இறக்கினாள்.

"இதெல்லாம் எதுக்கு?"

"மல்லாட்ட பறிச்சதுக்குக் கூலியாக் குடுத்தாங்க. நல்ல கொட்டையாப் பாத்து எடுத்து வச்சேன். நீ துன்னு. மாப்ளைக்கும் குடு." மகளை முன்னால் தள்ளினாள். "இந்தக் குட்டிக்கு உங் கையால பொட்டு வச்சி வுடும்மா. புதுசாக் கல்யாணம் ஆன கை."

அம்மா குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை அந்தப் பெண்ணின் நெற்றியில் பொட்டு வைத்தாள். பிறகு அந்தப் புடவையின் முந்தானை ஓரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள வரலியாம்மா?"

"ஆடி இல்லியா, அவர் ஊர்லயே இருக்காரு" என்றாள் அத்தை சிரித்துக்கொண்டே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையில் அத்தனை பேருக்கு நடுவே ஒரு பொய்யைப் பொறுக்காத அத்தை, இப்போது கண்ணைச் சிமிட்டாமல் ஒரு பொய் சொல்கிறாள். அப்பாவும் அம்மாவும் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பெண் அத்தையின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் நெரித்துக்கொண்டாள். விரல்கள் சடசடவென்று நெட்டி முறிந்தன.

"மாப்ள வந்தா நான் சொன்னேன்னு சொல்லும்மா. உன்ன மாதிரி ஒருத்தி வாய்க்கறதுக்கு அந்த ஊட்டுக்காரங்க குடுத்து வச்சிருக்கணும்."