காற்றைக் கூட்டிய காலிதீன்

சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் போய், "காலிதீன் வீடு எது?" என்று கேட்டால் நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுவார்கள். "டர்போ காலிதீன்" என்று கேட்டால் போதும், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பவர்கூடத் தலை நிமிராமல் சரியான ஒழுங்கையைச் சொல்லிவிடுவார். ஆனால் அங்கே இருப்பது அவனுடைய வீடு அல்ல, அவன் பெண்சாதி றினோஸாவின் வீடு. எங்கள் கரையோர ஊர்களில் வீடென்றால் பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து, உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய் இருக்கவேண்டியவன். காலிதீனும் மருதமுனையிலிருந்து அப்படித்தான் வந்தான். உடுப்புப் பெட்டியை விட ஸ்பானர் பெட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

டீசல் எஞ்சின் திருத்துவது அவன் தொழில். கடலுக்குப் போகும் இயந்திரப் படகுகளும், போகத்துக்குப் போகம் நாவிதன்வெளி வயல்களில் நெல் அறுக்க இறங்கும் வெட்டுமெசின்களும் அவன் கையால் பிழைத்தன. அவனும் அவற்றால் பிழைத்தான்.

றினோஸாவின் வீட்டில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. முதல் கறித்துண்டு அவனுடைய சோற்றுக் கோப்பையில்தான் விழும். ஆனாலும் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால் மாமியிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத்தான் அடிப்பான். மாமி மௌத்தாகி அடக்கமான பிறகு றினோஸாவிடம் கேட்டான். யாரும் அவனைக் கேட்கச் சொல்லவில்லை. கேட்காமல் இருக்க அவனுக்குத்தான் மனம் வரவில்லை. வளவின் பின்பக்கம், கிணற்றுக்கும் முருங்கைக்கும் நடுவே அவன் தன் கையால் போட்ட தகரக் கொட்டில் மட்டும் அதற்கு விலக்கு. அங்கே அவன் இஷ்டத்துக்கு ஆணி அடித்தான். அங்கேதான் அந்தக் காரும் நின்றது.

அது ஒரு பழைய ஜப்பான் கார். தாழ்ந்த உடம்பு, அகன்ற சில்லு. கொழும்பில் யாரோ ஒரு பணக்காரப் பிள்ளை மரத்தோடு மோதி, முன்பக்கத்தை அப்பளமாக்கிக் கைவிட்டிருந்தான். காலிதீன் அதை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய அன்று ஒழுங்கையே கூடிவிட்டது. "ஓடாத காருக்கு லொறியில சவாரி" என்று ஒருவன் சொன்னான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

வாங்கும்போதே அதில் டர்போ இருந்தது. எஞ்சின் துப்பும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள்ளேயே திருப்பித் தள்ளும். அதனால் சின்ன எஞ்சினும் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். தன்னுடைய எச்சிலையே ஊட்டமாக்கிக் கொள்ளும் அந்த வித்தை காலிதீனுக்குச் சின்ன வயதிலேயே பிடித்துப்போனது. காரில் இருந்த டர்போ அவனுக்குப் போதவில்லை. அதைவிடப் பெரியதைப் போட்டு, அதற்கேற்ற குழாய்களை வளைத்து, காற்றைக் குளிர்விக்கும் தட்டையும் பெரிதாக்கி, ஒரு நாளைக்கு அதை ஒரே நீட்டுக்கு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். அந்த ஆசை நிறைவேறத்தான் வருடக்கணக்காகிவிட்டது.

றினோஸாவின் தம்பி றமீஸ் கட்டாரில் ஒரு கராஜில் வேலை செய்கிறான். அங்கிருந்து ஊருக்கு வருபவர்களின் பெட்டியில் மற்ற வீடுகளுக்குக் கம்பளி வரும். இந்த வீட்டுக்குக் கம்பளிக்குள் சுற்றி இரும்பு வந்தது. பெரிய டர்போ அப்படித்தான் வந்தது, மக்கா போய்க் கட்டார் வழியாகத் திரும்பிய ஒரு ஹாஜியாரின் சம்சம் தண்ணீருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு. சைலன்சர் குழாய்க்குப் படகுக்குப் போடும் துருப்பிடிக்காத குழாயை வெட்டி ஒட்டினான். கடற்காற்று இரும்பை அரிக்கும் ஊர் இது. தினமும் மாலையில் அசர் தொழுகைக்குப் பிறகு கொட்டிலுக்குள் போய், கழற்றி வைத்த ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தடவித் துணி போர்த்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான்.

"கல்யாணம் முடிச்சது மனிசனையா காரையா எண்டு எனக்கே சந்தேகமா இரிக்கி" என்பாள் றினோஸா. அவளுக்கு அந்தக் கார் பற்றி நல்ல வார்த்தை வந்தது ஒரே ஒரு தடவைதான். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடத்தில், "நம்மட கார் நல்ல பிள்ளை. ஒரு சொட்டும் கேக்கல்ல" என்றாள். அப்போது அதன் எஞ்சின் மேசைமேல் கிடந்தது.

ஒருநாள் அவன் சும்மா, "வந்து ஒருக்கா ஏறி இரி புள்ள" என்றான்.

"முடியட்டும். முடிஞ்ச பொறகு ஏறுறன். அரைகுறையில ஏறமாட்டன்" என்றாள் அவள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். காலிதீனுக்கு அது நேர்ந்துகொண்ட ஒரு நிய்யத்தைப் போல நெஞ்சில் பதிந்துவிட்டது. அந்தக் காரில் முதலில் ஏறுவது றினோஸாதான் என்று அன்றே முடிவெடுத்தான்.

இப்படி இருக்கும்போதுதான் மகள் ஆதிலாவுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை அப்ராஸ், கல்முனையில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் நல்ல பிள்ளை. மகளுக்குக் கல்யாணம் என்றால் குடியிருக்கும் வீடு மகளுக்கு. தாயும் தகப்பனும் வளவின் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்கவேண்டியதுதான். றினோஸாவின் உம்மாவும் இவர்களுக்காக அப்படித்தான் ஓர் ஓலைக் குடிசைக்கு ஒதுங்கினார். அவரோடு அதுவும் போய்விட்டது.

வீடு கட்டப் பெரியநீலாவணையிலிருந்து மேசன் இராசதுரை வந்தார். வளவைச் சுற்றி நடந்தார். முளை அடித்துக் கயிறு கட்டினார். கட்டி முடித்ததும் தலையைச் சொறிந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் 'காக்கா' என்பார்கள்.

"காக்கா, கொட்டில் சரியா தங்கச்சி கேட்ட பெரிய அறைக்குள்ள வருது."

அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் காலிதீன்தான். "வரட்டும் அண்ணன். உடைக்கத்தானே வேணும்" என்றான். குரலில் ஒன்றும் தெரியவில்லை. நாடாவைச் சுற்றிக்கொடுத்துவிட்டுக் கொட்டில் கதவை இழுத்துச் சாத்தினான். ஒழுங்கை ஒடுக்கம், காரை நிறுத்த வேறு இடமில்லை. வெளியே விட்டால் உப்புக்காற்றும் வாடைமழையும் ஒரே பருவத்தில் தின்று முடித்துவிடும். வந்து காரை எடுத்துப்போகும்படி பழைய இரும்பு எடுப்பவனிடம் அவனே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அத்திவாரக் கல் வைப்பது. அதற்கு முன் ஒரே ஒரு நாள் அந்தக் கார் ஓட வேண்டும். றினோஸா அதில் இருக்க வேண்டும். அவன் வேறெதையும் கேட்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்க அவன் படகுகளின் பக்கமே போகவில்லை. எஞ்சினை இறக்கிப் பூட்டினான். டர்போவை ஏற்றினான். கடைசியில் மிஞ்சியது றமீஸ் அனுப்பிய சின்னப் பெட்டி. அதற்குள் புது இன்ஜெக்டர்கள், பெற்றோலைத் தெளிக்கும் ஊசிகள். பழைய ஊசிகளைவிட அதிகம் தெளிக்கக்கூடியவை.

"மச்சான், ஊசியையும் மாத்திப்போட்டுத்தான் காத்தக் கூட்டணும்" என்று றமீஸ் தொலைபேசியில் சொன்னான்.

"ஓம் ஓம்" என்றான் காலிதீன். ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை. றினோஸா ஏறப்போகிறாள், ஆபத்துக்கு இடம் வைக்கக்கூடாது. அவன் பழகிய எஞ்சின்களில் கெடுதல் செய்வது எரிக்கும் எண்ணெய்தான். எண்ணெயைக் கூட்டினால் சூடேறிச் சாகும். காற்றைக் கூட்டினால் புகை குறைந்து குளிர்ந்து ஓடும். ஆகவே காற்றை மட்டும் கூட்டுவோம், எண்ணெய் பழையபடி கொஞ்சமாகவே போகட்டும் என்று நினைத்தான். அவளுக்காகத்தான் அவ்வளவு கவனம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்ட கையோடு காரை வெளியே எடுத்தான். முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்தது. ஒழுங்கைப் பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். றினோஸா புது அபாயாவை உடுத்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி வந்து ஏறினாள்.

"மெதுவாப் போங்க, என்ன?"

"நான் எப்ப புள்ள வேகமாப் போன?"

"வேகமாப் போகாததுக்கா இத்தின வருசம்?" என்று அவள் கேட்க, அவன் கியரைப் போட்டான்.

கல்முனை நெரிசலைத் தாண்டி, கிட்டங்கிப் பாலத்தின் இரண்டு பக்கத் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு ஆமை வேகத்தில் போனார்கள். நாவிதன்வெளிப் பக்கம் றோட்டின் ஒரு கரையில் நெல் காயப் போட்டிருந்தார்கள். அதைக் கடந்ததும் வயல்களுக்கு நடுவே ஆளில்லாத நீட்டு றோட்டு. காலிதீன் ஒரு பிஸ்மி சொல்லி மிதியை அமுக்கினான்.

முதலில் ஒரு சீறல். பிறகு கார் அவர்களைப் பின்னால் இழுத்து இருக்கையோடு ஒட்டவைத்தது. வயல் வரம்புகள் ஒன்றோடொன்று கலந்து மஞ்சளும் பச்சையுமாக ஓடின. "அல்லாஹ்!" என்று கத்தினாள் றினோஸா. கத்திவிட்டுச் சிரித்தாள். கல்யாணம் முடித்த புதிதில் அவனுடைய சைக்கிள் பாரில் இருந்துகொண்டு சிரித்த அதே சிரிப்பு. காலிதீன் றோட்டைப் பார்க்காமல் ஒரு கணம் அவளைப் பார்த்தான்.

அப்போதே அந்தச் சத்தம் கேட்டது. தகர டின்னுக்குள் கல்லுப் போட்டுக் குலுக்குவது போல ஒரு கிலுகிலுப்பு. காலை உடனே எடுத்திருக்க வேண்டும். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், எடுக்க மனம் வரவில்லை. பட்டென்று ஒன்று வெடித்தது. பின்னால் வெள்ளைப் புகை எழும்பிற்று. கார் தள்ளாடித் தள்ளாடிப் போய் ஒரு வாய்க்கால் மதகருகே நின்றது.

"முடிஞ்சிதா?" என்று கேட்டாள் றினோஸா.

"முடிஞ்சி" என்றான் காலிதீன்.

நெல் மூட்டை ஏற்றிப்போன ஒரு உழவு இயந்திரக்காரர் இரக்கப்பட்டுக் கயிறு போட்டு இழுத்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான். டீசல் உழவு இயந்திரம் டக்டக்கென்று முன்னால் நடக்க, டர்போ கார் வாய் திறக்காமல் பின்னால் போனது. கல்முனைச் சந்தியில் தெரிந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். "காக்கா, லொறியில போச்சி, இப்ப மெசினில போகுது. கார் எப்ப தானாப் போறது?" என்று ஒருவன் கேட்டான். காலிதீன் கண்ணாடியை ஏற்றினான். றினோஸா இறங்கி ஓட்டோவில் போயிருக்கலாம். இறங்கவில்லை. வீடு வரும்வரைக்கும் நிமிர்ந்தே இருந்தாள்.

மறுநாள் எஞ்சினைத் திறந்தான். மூன்றாவது பிஸ்டனின் தலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. உலோகம் மெழுகாக உருகி வழிந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. பெற்றோல் எஞ்சின் டீசலுக்கு நேர்மாறு. காற்றைக் கூட்டினால் பெற்றோலையும் கூட்டவேண்டும். இல்லையென்றால் உள்ளே சூடு கண்மண் தெரியாமல் ஏறி பிஸ்டனையே உருக்கும். றமீஸ் சொன்னது அதைத்தான். வாழ்நாள் முழுவதும் டீசலோடு கிடந்தவன் கவனமாக இருக்கப்போய்த்தான் காரைக் கெடுத்தான். யானைக்கும் அடி சறுக்கும் என்று நாங்கள் சொல்லலாம். சறுக்கிய யானைக்கு அது ஆறுதலா?

தேத்தண்ணி கொண்டுவந்த றினோஸாவிடம் அந்த பிஸ்டனைக் காட்டினான். ஒளிக்காமல் சொன்னான்.

"ஊசியை மாத்தியிருந்தா ஒண்டும் நடந்திரா. நீ ஏறுறாய் எண்டு பயந்து மாத்தல்ல. டீசல் எண்டு நினைச்சிட்டன் புள்ள."

அவள் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். தேத்தண்ணியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். காலிதீன் கொட்டில் சுவரிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினான். கண் கலங்கியது. தகரத் தூசி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிய சுபஹு தொழுதுவிட்டு அவன் பள்ளியிலிருந்து வரும்போது வளவுக்குள் சுத்தியல் சத்தம் கேட்டது. கொட்டிலை உடைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்தான். போய்ப் பார்த்தால் கொட்டில் அப்படியே நிற்கிறது. றினோஸா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முளையைப் பிடித்திருக்கிறாள். இராசதுரை அடிக்கிறார். கயிறு இடம் மாறியிருந்தது. புது வீட்டின் சுவருக்கான கயிறு கொட்டிலைச் சுற்றிக்கொண்டு போனது. கார் நிற்கும் இடம் ஓர் அறையாகி, குசினிக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

"இது என்ன புள்ள?"

"கயிறு."

"கயிறெண்டு தெரியும். நம்மட அறை எங்க?"

"அந்தா. சின்னது. ரெண்டு பேருக்கு என்னத்துக்குப் பெரிய அறை? ஒங்களுக்கு எப்படியும் கொட்டிலுக்குள்ளதானே சீவியம்."

"பெரிய அறை வேணுமெண்டு நீதானே புள்ள ஆசப்பட்ட?"

"கார் எனக்கு வேணும்" என்றாள் றினோஸா. "அரைவாசித்தான் ஓடினன். மிச்சத்த யார் ஓட்டுற? இரும்புக்காரனுக்கு ஆதிலா போன் எடுத்து வரவேணாமெண்டு செல்லிட்டா. அடுத்த தரம் காத்தக் கூட்டக்கொள்ள பெற்றோலையும் கூட்டுங்க."

காலிதீன் இராசதுரையைப் பார்த்தான். அவர் தோளைக் குலுக்கினார். "வளவு தங்கச்சிட. தங்கச்சி காட்டின இடத்திலதான் நான் முளை அடிப்பன்."

காலிதீனுக்குச் சந்தோஷம்தான். இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினான், திரும்பப் போட்டான். றினோஸா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு அவன் பக்கத்தில் வந்தாள்.

"இன்னொண்டு. அந்த அறைச் சுவருக்கு ஆணி அடிக்கிறதெண்டா எனக்கிட்ட வந்து கேக்கவேணாம்" என்றாள்.

இத்தனை வருடமும் அவள் அதைக் கவனித்திருக்கிறாள் என்பதே அவனுக்குப் புதிது. கடைசி மூலைக்கு இன்னும் ஒரு முளை மிச்சம் இருந்தது. காலிதீன் இராசதுரையின் கையிலிருந்து சுத்தியலை வாங்கினான். யாரையும் கேட்காமல் தானே அடித்தான்.