நாலு பங்கு லூர்துசெல்வி

புதுச்சேரி நெல்லித்தோப்பில் லூர்துசெல்வியின் மாவுக்கடை வாசலில் சாயங்காலம் ஆனால் இரண்டு பேர் கணக்குப் பேசுவார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தபால் ஊழியர் புருஷோத்தமன். இன்னொருவர் பக்கத்து ஜெராக்ஸ் கடை தனிஸ்லாஸ். சென்னையில் இருக்கிற ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் பங்குகளை இருவரும் வாங்கி வைத்திருந்தார்கள்.

"எனக்கு நூத்தி இருவது. உனக்கு?"

"எழுவத்தஞ்சு சார். தீபாவளிக்குள்ள நூறாக்கிடுவேன்."

மாவை அள்ளியபடியே செல்வி சொல்வாள்: "எனக்கு நாலு."

இருவரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிய நாலு அது. தனிஸ்லாஸ்தான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தார்.

ஆனால் ஆண்டறிக்கை தபாலில் வந்தபோது மூன்று பேருக்கும் ஒரே கனத்தில்தான் வந்தது. செல்வி பிரித்துப் பார்த்தாள். எல்லாம் இங்கிலீஷ். கூடவே, பங்குதாரர் கூட்டத்துக்கு வரச்சொல்லி ஒரு சீட்டு.

"நானும் வரலாமா அண்ணே?"

"ஒரு ஷேர் இருந்தாலே வரலாம்மா," என்றார் தனிஸ்லாஸ்.

2007 ஜூலையில் ஒருநாள், கடைக்கு லீவு விட்டுவிட்டு, விடியற்காலை சென்னை பஸ்ஸில் அவர்களோடு ஏறினாள். புருஷோத்தமன் இங்கிலீஷில் எழுதிவைத்த கேள்வியைக் காலாப்பட்டு தாண்டுகிறவரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஏசி மண்டபத்தில் ஐந்நூறு பேர். மேடையில் சேர்மன். கேள்வி நேரத்தில் மைக் இவர்கள் வரிசைக்கு வந்தது. புருஷோத்தமன் மைக்கைத் தனிஸ்லாஸிடம் தள்ளினார். அவர் சூடுபட்டவர்போல அதைச் செல்வியிடம் கொடுத்துவிட்டார்.

செல்வி எழுந்து நின்றாள்.

"ஐயா, எங்கிட்ட நாலு ஷேர்தான் இருக்கு. புதுச்சேரில மாவுக்கடை வச்சிருக்கேன். இவ்ளோ பெரிய புஸ்தகம் அனுப்புறீங்க, எனக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். நம்ம கம்பெனி என்னா பண்ணுதுன்னு ரெண்டு பக்கம் தமிழ்ல போடக் கூடாதா?"

பின்வரிசையிலிருந்து தொடங்கிய கைதட்டல் மண்டபம் முழுக்கப் பரவியது. சேர்மன் சிரித்தபடி தமிழிலேயே பதில் சொன்னார்: "கேட்டது நியாயம்மா. அடுத்த வருஷம் கண்டிப்பா போடுறோம்."

திரும்பும் பஸ்ஸில் புருஷோத்தமன், "நூத்தி இருவது வச்சிக்கிட்டு நான் வாயத் தொறக்கல, நாலு வச்சிக்கிட்டு நீ பேசிட்ட," என்று மூன்று தரம் சொன்னார். ஒவ்வொரு தரமும் செல்விக்குப் பெருமையில் முகம் மலர்ந்தது.

அடுத்த ஆண்டறிக்கையில் தமிழில் ஆறு பக்கம் இருந்தது. மாவு வாங்க வந்தவர்களை நிற்க வைத்துவிட்டுச் செல்வி ஒரு வரி விடாமல் படித்தாள். படித்து முடித்ததும் ஜெராக்ஸ் கடையை எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"அண்ணே, போன வருஷம் ஆயிரம் பேர் வேலைய விட்டுப் போயிட்டாங்களாம். ஏன்னு போடல. ஒரு வெள்ளத் தாள் குடுங்க, சேர்மனுக்கு எழுதணும்!"