துண்டு போர்த்திய ஒயர்லெஸ்

கும்மிடிப்பூண்டியில் என் பிக்கப் வண்டிக்கு ஆன்டெனா வைத்து ஒயர்லெஸ் மாட்டினார்கள். ஈயம் உருகும் வாசனையில் நைனா ஓட்டிய கம்பெனி வண்டி ஞாபகம் வந்தது.

அதிலும் முதலாளியின் ஆபீசோடு பேச ஒயர்லெஸ் உண்டு. ஆந்திரா கம்பெனி ஒன்றுக்கு மாறப்போவதை நைனா வண்டிக்குள் வைத்து அம்மாவிடம் மட்டும் சொன்னார். மறுநாளே முதலாளி, "இன்னாப்பா, எங்கள வுட்டுட்டுப் போறியாமே?" என்றார்.

"அணைச்சி வெச்சாலும் ஒட்டுக் கேக்குதுடி இது." நைனா அன்றே டீசல் நாறும் துண்டால் அதை மூடினார். வண்டியருகே நாங்களும் வாய் திறக்கமாட்டோம்.

அவர் செத்த பிறகுதான் அம்மா சொன்னாள்: "மொதலாளியம்மா கைல நான்தான் சொன்னேன். அங்க போயிருந்தா ஊட்டுக்கே வந்திருக்கமாட்டாரு."

"ஆஃப் பண்ணிட்டா ஒண்ணும் கேக்காதுண்ணா," என்றான் ஒயர்லெஸ் மாட்டிய ஃபிட்டர், நான் அதையே பார்ப்பதைக் கண்டு.

தெரியும். பக்கத்து சீட்டில் என் மனைவி. வீட்டுக்குப் போகும் வழியில் அவளிடம் ஒன்று சொல்வதாக இருந்தேன். சொல்லவில்லை.