எடுக்காமல் விட்ட இரத்தம்

நைட்டியின் கையைச் சுருட்டிவிட்டு மைனி என் முன்னால் கையை நீட்டிய அந்தக் கணம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. மைனி என் அண்ணனின் மனைவி, என்னைவிட ஒரே வயது மூத்தவள். பிள்ளை பெற்று எண்பது நாள் ஆகியிருந்தது. பச்சிலை போட்டுக் கொதித்த நீரில் குளிப்பாட்டி, ஈரத்தலையோடு அப்போதுதான் அறைக்குள் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். "மக்கா, கொஞ்சம் ரெத்தம் எடுத்துப் பாக்கியா? இது எனக்க ஒடம்பு மாதிரியே இல்ல" என்றாள்.

தொண்ணூறுகளில் நான் பாறசாலையில் ஒரு சின்ன லேபில் வேலை பார்த்தேன். பிள்ளை பெற்றவர்களின் கையில் தினமும் ஊசி குத்துகிறவள்தான். கேட்டதும் எடுத்திருக்கலாம். மைனிக்குச் சீப்பு நிறைய முடி கொட்டியது. மேட மாதக் கோடை வெயிலிலும் உள்ளங்கை சில்லென்றிருந்தது, கழுத்தில் லேசான வீக்கம் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு தடம் மாறும், அதோடு மனமும் இருண்டுபோகலாம் என்று படிப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். பரீட்சைக்கு அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் என் அம்மை விடவில்லை. "பெத்த ஒடம்பாக்கும். தொண்ணூறு தெகயாம ஊசி குத்தினா வாதம் ஏறும். பத்து நாளு பொறுத்தா என்னடி?" என்றாள். லேபில் இதையே யாராவது சொன்னால் சிரித்துத் தள்ளியிருப்பேன். வீட்டுப்படி ஏறினால் என் படிப்பு செருப்போடு வெளியே நின்றுவிடும். பத்து நாள்தானே என்று மைனியின் கையை மெதுவாக மடித்து அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனேன். அவள் நைட்டியின் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். முரண்டு பிடித்துக் கேட்டிருந்தால் எடுத்திருப்பேனோ என்னவோ.

அதிலிருந்து ஆறாம் நாள் நான் வேலை முடிந்து வந்தபோது தொட்டிலில் பிள்ளை அழுதழுது தொண்டை அடைத்துக் கிடந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் மைனி உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்குவு மக்கா. எழும்பத்தான் முடியல்ல" என்றாள். அம்மை அதைக் காதில் வாங்கவில்லை. கிறுக்குப் பிடித்தவளிடம் பிள்ளையை விடமாட்டேன் என்று ஆளனுப்பி, மைனியின் அப்பாவை வரவழைத்தாள். வளைகுடாவில் இருந்த அண்ணன் போனில் "அம்மை சொல்லியது போல செய்யுங்க" என்றதோடு சரி. மைனி மட்டும் மலையோரத்து அம்பூரியிலுள்ள தன் பிறந்த வீட்டுக்குப் போனாள். பிள்ளை என் கைக்கு வந்தாள்.

ஒரு வருடம் கழித்து மலைப்பக்கத்து டாக்டர் ஒருவர் அந்த இரத்தத்தை எடுத்துப் பார்த்தார். தைராய்டுதான். தினம் ஒரு மாத்திரை, கூடவே மனசுக்கும் வைத்தியம், சில மாதத்தில் தேறிவிட்டாள். எல்லாம் அந்தச் சுரப்பியால்தான் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அங்கிருந்து தொடங்கியிருக்கலாம். பிள்ளையைக் கேட்டு, அதற்கு இரண்டு பாவாடை சட்டையோடு மைனி வந்தாள். பிள்ளை என்னை அம்மா என்று கூப்பிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "நல்லாத்தான் இருக்கா" என்று மைனி சிரித்துவிட்டு, சாயாகூடக் குடிக்காமல் மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கொண்டு போ மைனி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை எழுத இப்போதும் கூசுகிறது.

பெற்றவள் ஏன் என்னை விட்டுப்போனாள் என்று மகள் பத்து வயதில் கேட்டபோது, "அவளுக்கு மனசில்லாம போச்சு மக்கா" என்றேன். அதைத் திருத்த எத்தனையோ வருடம் கிடைத்தது. திருத்தவில்லை.

இது போன மாதம் நடந்தது, மகளுக்குக் குழந்தை பிறந்து எட்டாவது வாரம். சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை. நெய்யாற்றின்கரையில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்தப் பெண் டாக்டர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொண்டே, "உங்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு இப்படி ஏதாவது இருந்ததா அம்மா?" என்று என்னிடம் கேட்டார். தலையாட்டிச் சமாளித்திருக்கலாம். மகளின் முகத்தைப் பார்த்தேன். மைனியின் அதே பார்வை.

"நான் பெறல்ல டாக்டர். பெத்தவளுக்கு இருந்தது. சோதிக்கக் கேட்டா, நான் சோதிக்கல்ல. பிள்ளைய அவ விட்டுட்டுப் போவல்ல, நாங்க பிடுங்கினோம்" என்றேன்.

திரும்பும் வழியில் காரில் மகள் கைக்குழந்தையை என் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாறசாலைச் சந்திப்பு வந்ததும் டிரைவரை நிறுத்தச் சொன்னாள்.

"அம்மா, நீ இங்க எறங்கிக்கோ. நான் பிள்ளையக் கொண்டு அம்பூரிக்குப் போறேன்."