ஓபுயாவுக்கு விழுந்த சைபர்கள்

ஓபுயா எங்கள் கம்பெனிக்கு வருமுன் பதினோரு வருடம் கிசுமுவில் சோப்பு விற்றவர். யாரையும் பேசவைத்துவிடுவார். அதற்காகவே அவரை நைரோபிக்குக் கூட்டிவந்து, நாங்கள் உருவாக்கிய 'டுப்பு' என்ற சர்வர் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பற்றி, அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் கருத்துக் கேட்கும் வேலையைக் கொடுத்தார்கள். டுப்புவில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரை, அதில் மினுங்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். கட்டளையைத் தட்டினால் வேலை செய்யும். முதல் நாள் அதைப் பார்த்த ஓபுயா, "இது இன்னும் ஆன் ஆகலியே தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

நாற்பது பேரிடம் மதிப்பெண் வாங்க வேண்டும். சைபர் முதல் பத்து வரை. சராசரி ஐந்துக்குக் கீழே போனால் டுப்புவுக்கும் மூடுவிழா, ஓபுயாவுக்கும் வேலை இல்லை என்று மேலாளர் முகாமி சொல்லிவிட்டார். ஓபுயாவுக்கு மூன்று பெண்கள், மூவரும் படிக்கிறார்கள்.

மனிதர் மட்டாட்டு வேனில் தொங்கிக்கொண்டு வங்கி, ஆஸ்பத்திரி, தேயிலை ஆலை என்று அலைந்தார். போகிற இடத்தில் கொடுக்க, பை நிறைய மண்டாசி என்கிற இனிப்பு போண்டா வேறு. சர்வர் பார்க்கிறவர்கள் எங்கள் ஜாதி, வாயைத் திறக்க மாட்டோம். மண்டாசியைத் தின்றுவிட்டு, "ம்" என்று எண்ணை எழுதி நீட்டினார்கள்.

முப்பத்தொன்பது சைபர். கெரிச்சோ தேயிலை ஆலையின் கிர்வா மட்டும் பத்து.

"நான் என்ன பாவம் பண்ணேன்? மண்டாசியையும் தின்னுட்டு சைபர் போடுறானுங்களே!" ஓபுயா அழாத குறை.

தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, கட்டளை ஒழுங்கா முடிஞ்சா மெஷின் சைபர்னுதான் சொல்லும். வேற எந்த நம்பர் வந்தாலும் கோளாறு. எங்க ஆளுங்களுக்கு சைபர்னா ஒரு குறையும் இல்லைன்னு அர்த்தம். இவங்க உங்களைத் தலையில தூக்கி வெச்சிருக்காங்க!"

முகாமி நம்பவில்லை. பத்து போட்ட புண்ணியவானின் படத்தை விளம்பரத்தில் போடுவதாகச் சொல்லி, கிர்வாவுக்கே போன் செய்தார்.

"பத்து போட்டிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்!"

"என்ன சந்தோஷம் மேடம்? செவ்வாக்கிழமையிலேர்ந்து செத்துக் கிடக்கு, எந்திரிக்கவே மாட்டேங்குது!"

அதன்பிறகு நம்பினார். டுப்பு பிழைத்தது. ஓபுயா வராந்தாவில் ஆடினார்.

டிசம்பரில் ஊழியர் மதிப்பீடு வந்தது. உடன் வேலை செய்கிறவர்கள் போடும் மதிப்பெண்ணை வைத்துத்தான் அடுத்த வருடம் யார் இருப்பது, யார் போவது என்று முடிவாகும். தாள் நேராக நான்காம் மாடி நிர்வாக அலுவலகத்துக்குப் போய்விடும். அங்கே இருப்பவர்களுக்கு டுப்பு என்றால் என்னவென்றே தெரியாது. ஓபுயாவுக்கு மதிப்பெண் போட வேண்டியவர்கள் பொறியாளர்களான நாங்கள் ஏழு பேர். அவர்மேல் எங்களுக்கு உயிர். முதலில் நான்தான் போட்டேன், மனசார. யாரும் யாரிடமும் கலந்து பேசவில்லை.

மறுநாள் தேநீர் வருவதற்குள் ஓபுயா கையில் வேலைநீக்கக் கடிதம் இருந்தது. நான் நான்காம் மாடிக்கு ஓடிப்போய்க் கத்தினேன். "கையெழுத்து உங்களோடதுதானே சார்?" என்றார்கள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கீழே வந்தால், ஓபுயா கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, அதோடு வந்த, ஏழு சைபர் விழுந்த மதிப்பெண் தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஏழு பேருமா தம்பி?" என்றார். "ஒருத்தர்கூட என்கிட்ட ஒரு குறையும் பாக்கலியா?"